பின்பக்கம் இல்லாத நிலா

சிங்கத்துரையோட பேரப்பிள்ளைகளுக்குக் காது குத்துற அன்னைக்கி காலைல, நெடுங்கரை நாலுமுக்குல, தேரு உசரத்துக்குச் சவுக்குக் கம்பு நட்டு, முப்பத்தெட்டாயிரமாவது வருசத்துல சாகப்போற ஒரு பொம்பளத் தளபதிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. மொய்க் கவரோட பஸ்ஸ விட்டு எறங்குன சொந்தக்காரங்க எல்லாம் அண்ணாந்து பாத்து, பட்டுச்சேலைய இழுத்து வாயப் பொத்திக்கிட்டு, "அடப்பாவமே, விசேச வீட்ல எழவு விழுந்துருச்சே"ன்னு வந்த பஸ்லயே திரும்பிப் போக, பாதி வெந்த ஆட்ட அண்டாவுல வச்சிக்கிட்டு சமையக்காரர் முழிக்க, சிங்கத்துரை வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா பாக்கியநாதன் அண்ணாச்சியோட ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்து நின்னாரு. மேலத்தெரு சங்கத் தலைவரு அவரு. ரோடு கான்ட்ராக்டும் அவருதான். அவரு நின்னா கடையில ஃபேன் கூட மெதுவாத்தான் சுத்தும்.

"யாருய்யா அது ஊழிக்கனி? எவ செத்ததுக்கு எம் பேரன் காதுகுத்துல பேனர் வைக்கிற?"

அண்ணாச்சிக்குத் தெரியல. அவரு திரும்பி, கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்திருந்த சந்தனமாரியப் பாத்தாரு. அந்தக் கடைக்கு டிசைனர் அவதான்.

"அவ இன்னும் பொறக்கவே இல்லங்கய்யா," அப்டின்னா சந்தனமாரி.

"பொறக்காதவளுக்கு எதுக்குளா எழவு பேனர்?"

கேள்வி நியாயமான கேள்விதான். பதில்தான் நீளம்.

சந்தனமாரியும், எதுத்தாப்புல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்க இம்தியாஸும் சேந்து ஒரு யுத்த வெளையாட்டு உண்டாக்கியிருந்தாங்க. பேனர் வெட்டுனது போக மிச்சம் விழுற ஃப்ளெக்ஸ் துண்டுதான் அதுக்கு வரைபடம், பேஸ்ட் மூடிதான் பீரங்கி, உடைஞ்ச போனோட குட்டிக் குட்டி ஸ்க்ரூதான் காலாட்படை, ரெண்டு பகடை உருட்டி சண்ட போடணும். ஆனா சும்மா சண்ட போட்டா சப்புன்னு இருக்கும்ல, எதுக்கு அடிச்சுக்கிறாங்கன்னு ஒரு வரலாறு வேணும்ல! அதனால முப்பத்தெட்டாயிரமாவது வருசம் வரைக்கும் மனுசனுக்கு என்னென்ன நடக்கப்போகுதுன்னு சந்தனமாரி எழுத ஆரம்பிச்சா. ஒரு காதணி விழாவுக்கும் ஒரு பூப்புனித நீராட்டுக்கும் நடுவுல கெடைக்கிற அஞ்சு நிமிசத்துல எழுதுறவளுக்கு வேற என்ன வடிவம் வரும்? பேனராவே எழுதுனா. பூமி ஒழிஞ்சதுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி, செவ்வாய்க்காரங்களுக்கும் வியாழக்காரங்களுக்கும் சமாதானம் ஆனதுக்கு ஒரு கல்யாண பேனர், ஒவ்வொரு கப்பல் மெதக்கவிட்டதுக்கும் ஒரு திறப்பு விழா. வெளையாட்டுல ஒரு தளபதி செத்தா, அந்தத் தளபதிக்குன்னு தனியா ஒண்ணு. அண்ணாச்சி கண்ல படாம இருக்க, அந்த ஃபைலுக்கெல்லாம் கஸ்டமர் பேரையே வச்சு ஒளிச்சிருந்தா. அதுலதான் வந்தது வெனை. சிங்கத்துரைன்னு பேர் போட்ட ரெண்டு ஃபைல்ல ஒண்ணு காது குத்து, இன்னொண்ணு ஊழிக்கனி. மிஷினுக்குப் போனது ஊழிக்கனி.

சிங்கத்துரையோட ஆளுக பேனர அவுத்து, வீணாப் போகாமக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாப் போட்டாங்க. அதோட முடிஞ்சதுன்னு ஊரு நெனச்சுச்சு.

அன்னைக்கி சாயங்காலம், தண்ணி டேங்குக்குப் பின்னாலருந்து, ஊழிக்கனி தலைக்கு மேல பேனர்ல இருந்த சின்ன நிலா எழும்பி வந்துச்சு.

நல்ல செவப்பு, ஓரத்துல கருகல், கல்லுல அதிக நேரம் கெடந்த தோசை மாதிரி. பழைய நிலா அதுபாட்டுக்கு அதோட எடத்துல வந்துச்சு. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கல, மொறச்சுக்கல. அந்த நிலாவுல நடக்கப்போற சண்டைக்கு இன்னும் எத்தனையோ ஆயிரம் வருசம் கெடக்கு, ஆனா வெளிச்சம் மட்டும் முன்கூட்டியே கெளம்பி வந்துருச்சு, அவ்வளவுதான். சில பேரு கல்யாணத்துக்கு மொத நாளே வந்து ஒக்காந்துக்கிறது இல்லையா, அந்த மாதிரி.

முதல் நாள் ஊரு பூரா மொட்டை மாடியில நின்னுச்சு. ரெண்டாம் நாள் பாதிப் பேரு நின்னாங்க. அதுக்கப்புறம் அவங்கவங்க சோலி. மின்சார ஆபீஸ்ல தெருவிளக்கப் பாதி அணைச்சாங்க. சண்டையில எரிஞ்ச சூடு இன்னும் ஆறாத நிலாங்கிறதால அந்த வெளிச்சத்துல வத்தல் காஞ்சுச்சு, வடகம் காஞ்சுச்சு, மழைக்காலத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக யூனிஃபார்ம் காஞ்சுச்சு, ஆஸ்பத்திரியில மூட்டு வலிக்காரங்களச் சாயங்காலம் வெளிய கொண்டாந்து ஒக்கார வச்சாங்க. பெரிய நிலா தேயும்போது சின்னது வளந்ததால மாசம் பூரா வளர்பிறைதான், முகூர்த்தத்துக்குப் பஞ்சமே இல்லன்னு கல்யாண மண்டபத்துக்காரரு ரேட்ட ஏத்துனாரு. இம்தியாஸோட வாப்பாதான் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார். அவரு மைக்குல தெளிவாச் சொல்லிட்டாரு: "பெரிய பெறைய வச்சுத்தான் நோம்பு. சின்னது விருந்தாளி. விருந்தாளிய வச்சு யாரும் மாசம் எண்ணப்படாது." சோறூட்டுற தாய்மாரு, ரெண்டு நிலா இருக்குல்ல, இன்னொரு உருண்ட வாங்குன்னு சாதிச்சாங்க. நெடுங்கரைப் பிள்ளைக கொஞ்சம் சதப்பிடிப்பாப் போனதுக்கு அதுதான் காரணம்.

சின்ன நிலாவுல நெருப்பு தெறிக்கிறது வெறும் கண்ணுக்கே தெரிஞ்சுச்சு. இம்தியாஸ் கடையில பகடைய உருட்டி ஆறு விழுந்தா, அன்னைக்கி அங்க ஒரு கோட்டை எரியும். ஒண்ணு விழுந்தா, பொகை மட்டும் லேசா. இது தெரிஞ்சதும் பஜார்ல அவனுக்குத் தனி மரியாத. "ஏ தம்பி, இன்னைக்கி நல்லா உருட்டு, வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்காக," அப்டின்னு சொல்லிட்டுப் போவாங்க.

இதெல்லாம் சரிதான். ஆனா எத்தன நாளைக்கு ஒரு ஊரு ஒரு நிலாவ சும்மா பாத்துக்கிட்டு இருக்கும்?

மேலத்தெரு டீக்கடையில யாரோ ஒருத்தர் வாயத் தொறந்தாரு: "அந்த ஊழிக்கனி மூக்கப் பாத்தீகளா? அது நம்ம தெரு மூக்கு."

சாயங்காலத்துக்குள்ள வடக்குத்தெருவுக்குச் சேதி போயிருச்சு. "மூக்கு என்ன மூக்கு, நெஞ்ச நிமித்தி நிக்கிறாளே, அந்த நிப்பு யாரு நிப்பு? எங்க நிப்பு!"

மாட்டுக் கொட்டகைக் கூரைய அவுத்துக் கழுவி, ரெண்டு தெருக்காரங்களும் ஆளுக்கொரு பக்கமா நின்னு பாத்தாங்க. கண்ணீர் அஞ்சலி பேனர்னா அடியில வட்ட வட்டமா சொந்தக்காரங்க போட்டோ வரும்ல, துயரத்துடன் இன்னார் இன்னார்னு, அங்கதான் யாரு எந்த ஆளுன்னு ஊருக்கே வெளங்கும். ஊழிக்கனி பேனர்ல அந்த வட்டம் எல்லாம் காலியாக் கெடந்துச்சு. பேருக்கு முன்னால இனிஷியல் இல்ல. அப்பன் பேரு இல்ல, ஊரு இல்ல. சிங்கத்துரை அதத் தடவிப் பாத்தாரு. காதுகுத்து கெட்டுப்போன கோவமெல்லாம் அவருக்குப் போயே போச்சு. ஒரு நெலாவுக்கே சொந்தக்காரனாகலாம்னா காது குத்தென்ன, காது குத்து!

காலியா விட்டது மறதியில இல்ல. சந்தனமாரி ஓடைக்கு அங்கிட்டு காலனிப் பிள்ள. பள்ளிக்கூடத்துல கேட்டாங்க, எந்தத் தெருன்னு. பேங்குல கேட்டாங்க, திருநெல்வேலியில ரூம் பாக்கப் போனப்பக் கேட்டாங்க, ஒரு தடவ ரத்தம் குடுக்கப் போன எடத்துல வாங்கிக்கிட்டே கேட்டாங்க. அதனால அவ வரலாற எழுத ஒக்காந்தப்போ மொதல் பேனர்லயே அந்தக் கேள்விய ஒழிச்சுக்கட்டிட்டா. பூமி ஒழிஞ்சப்போ தெருவும் அதோட ஒழிஞ்சது, கப்பல்ல ஏறுன சனம் எதையெதையோ தூக்கிட்டு வந்துச்சு, தெருவத் தூக்கிட்டு வர மறந்துருச்சு. அப்டித்தான் எழுதியிருந்தா. அண்ட சராசரத்துல அவளுக்குன்னு இருந்தது அந்த ஒரே எடம். முப்பத்தெட்டாயிரம் வருசம் தள்ளிப் போய், கஷ்டப்பட்டு, பஸ் இல்லாத ஊருக்குப் போற மாதிரிப் போய்ப் பிடிச்ச எடம்.

இப்ப அங்கயும் ஆள் வந்துட்டாங்க, எந்தத் தெருன்னு கேட்டுக்கிட்டு.

சிங்கத்துரை முதல்ல மதுரைக்குப் போனாரு. பெரிய மிஷின் இருக்க கடையில, அவரு தெரு ஆளுகளோட மூஞ்சிய எல்லா வட்டத்துலயும் போட்டு, 'எங்கள் குலக்கொழுந்து ஊழிக்கனி'ன்னு அடிச்சுக் கொண்டாந்து கட்டுனாரு. நிலா அசையல. ஒரு ஆடு மட்டும் வந்து பேனரோட மூலையத் தின்னுட்டுப் போச்சு. வரலாறு தெரியாதவன் அடிச்சா நிலா கேக்காதுன்னு அப்பதான் எல்லாருக்கும் வெளங்குச்சு. எழுதுனவதான் எழுதணும்.

அதுக்கப்புறம் ரெண்டு தெருவும் மாத்தி மாத்திக் கடைக்கு வந்தாங்க. கல்லு ஒண்ணு வந்துச்சு, கண்ணாடி போச்சு. வடக்குத்தெரு முக்குல ஒரு பைக் எரிஞ்சுச்சு. ஊருல இப்படி ஆனா என்ன செய்வாங்க? தாசில்தார் ஆபீஸ்ல சமாதானக் கூட்டம் போட்டாங்க.

தாசில்தாரம்மா ரொம்பப் பொறுமையான மனுசி. போலீஸ ஒரு பக்கம், ரெண்டு தெருவ ரெண்டு பக்கம் ஒக்கார வச்சு, டீயும் பிஸ்கட்டும் குடுத்து, "நிலாவ ரெண்டு பேருமே பாக்குறீங்க, ரெண்டு பேருமே வச்சுக்கோங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. சர்வேயரு ஜன்னல் வழியாக் கட்டை வெரல நீட்டி, ஒரு கண்ண மூடி, நிலாவ அளந்தாரு. மேல்பாதி மேலத்தெருவுக்கு, கீழ்பாதி வடக்குத்தெருவுக்கு. ஓரத்து விளிம்பு பஜார் யாவாரிகளுக்குப் பொது. நடுவுல இருக்க பெரிய பள்ளம் பொறம்போக்கு.

அப்பதான் தாசில்தாரம்மா, டைப் அடிக்கக் கூட்டியாந்து மூலையில நிறுத்தி வச்சிருந்த சந்தனமாரியப் பாத்தாங்க.

"காலனிக்கு ஒண்ணும் இல்லயே. பின்பக்கம் இருக்குல்ல? அதப் போட்டுக்கம்மா."

"பின்பக்கமா மேடம்?"

"எடம் நெறைய. யாரும் வந்து தொந்தரவு பண்ணமாட்டாங்க."

"வெளிச்சம்தான் வராது," அப்டின்னாரு சிங்கத்துரை, பெரிய மனசோட. "பழகிக்கிடலாம். ஏ பிள்ள, நாளைக்கிச் சாயங்காலம் பேனர் ரெடியா இருக்கணும். அவ எங்க வம்சம்னு மேல போட்டுரு. வடக்குத்தெருக்காரங்களுக்குக் கீழ எதாச்சும் எழுதிக்கோ. இல்லன்னா அந்த ஃப்ளெக்ஸ் கடையும் இருக்காது, நீயும் பஜாருல கால் வைக்கமாட்ட."

அண்ணாச்சி வர்ற வழியெல்லாம் கெஞ்சிக்கிட்டே வந்தாரு. "ஒரே ஒரு வரிதான சந்தனம். எவனும் பாக்கப்போறதில்ல, முப்பத்தெட்டாயிரம் வருசம் கெடக்கு. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்குளா."

வீட்டுக்கு வந்தா, அவ அம்மா பேச்சியம்மா தீப்பெட்டி ஆபீஸ்லருந்து வந்து, மருந்து வாட கூடப் போகாம, வாசல்ல ஒக்காந்து நிலாவப் பாத்துக்கிட்டு இருந்தா. சேதி அவளுக்கு முன்னாடியே வந்துருச்சு.

"பின்பக்கம் குடுக்காங்களாமே?"

"வேணாம்மா அது."

"வேணாமா? ஏன்டி, நம்ம பேர்ல ஒரு முழம் எடம் எங்கயாச்சும் இருக்கா? இந்த வீட்டுக்கே பட்டா இல்ல. வர்றவன் போறவன் எல்லாம் ஓடைப் பொறம்போக்குங்கான். பின்பக்கமாச்சும் கெடைக்குதேடி. இருட்டா இருந்தா என்ன, நாம வெளக்குப் பொருத்திக்கிற மாட்டமா? வெளக்குப் பொருத்தத் தீக்குச்சிக்கா நமக்குப் பஞ்சம்?"

சந்தனமாரி செருப்பக் கழத்திப் போட்டுட்டு அம்மா பக்கத்துல ஒக்காந்தா.

"அப்புறம் இன்னொண்ணு," அப்டின்னா பேச்சியம்மா. "அந்தத் தளபதிக்கு என் மூஞ்சிய எதுக்குடி வச்ச? ரேசன் கார்டுல எடுத்த போட்டோதான அது?"

"நல்லா மொறச்சுக்கிட்டு இருந்தியேம்மா."

"கவர்மென்ட்டு போட்டோவுக்கு எவ சிரிப்பா? மேலத்தெருக்காரன் என் மூக்கப் பாத்து அவன் மூக்குங்கான். சிரிக்கவா அழுகவா?" ரெண்டும் செய்யாம உள்ள போயிட்டா.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல, உடைஞ்ச கண்ணாடியக் கூட்டித் தள்ளிட்டு, இம்தியாஸ் ஸ்க்ரூவயும் பேஸ்ட் மூடியையும் எடுத்துப் பரப்புனான். சந்தனமாரி வெளையாடுற மனநெலையில இல்ல. இருந்தாலும் கை பழக்கத்துல அடுக்குச்சு.

"நான் பின்பக்கம் எடுக்கமாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்," அப்டின்னான் அவன்.

"போன ஆட்டம் நான்தானல எடுத்தேன்?"

"எடுத்து என்ன செஞ்ச? தோத்த. யாரு எடுத்தாலும் தோக்கான். நானும் மாசக்கணக்காச் சொல்லுதேன், நிலா வரைபடமே கோளாறு. முன்பக்கத்துல இருக்கவன் சும்மா ஒக்காந்துக்கிட்டே ஜெயிக்கான். பின்பக்கத்துக்காரன் என்ன வீரமா உருட்டுனாலும் அவனுக்கு எதிரி தெரியவே மாட்டேங்கான். பின்பக்கத்துப் படைக்குத் தளபதி ஊழிக்கனி ஏன் செத்தா? பயந்தா செத்தா? ஒன் விதி சரியில்ல, அதான் செத்தா."

"அப்ப பக்கத்தச் சமமாப் பிரிச்சிருவமா?"

"தாசில்தார் மாதிரிப் பேசாத ஏ சந்தனம். பிரிச்சாலும் ஒருத்தனுக்குப் பின்பக்கம் வரும்லா?"

சந்தனமாரி பேஸ்ட் மூடியக் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தா. உருட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் சோத்துக் கைய பாவாடையில தொடச்சுட்டு எந்திரிச்சுப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்தா.

அவ அடிச்சு முடிச்சு மிஷினுக்கு அனுப்புனா. மிஷினோட தலை அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி, வரி வரியா வெளிய தள்ளுச்சு. அண்ணாச்சி பக்கத்துல நின்னு தலைய ஒரு பக்கமாச் சாச்சு வாசிச்சாரு. வாசிச்சாரு, வேர்த்தாரு. ஸ்விட்ச் அவரு கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. அவரு ஸ்விட்சப் பாத்தாரு, உடைஞ்ச கண்ணாடியப் பாத்தாரு, சந்தனமாரியப் பாத்தாரு.

"நான் டீ குடிக்கப் போறேன்," அப்டின்னாரு. "வர்றதுக்குள்ள முடிச்சிரு."

சாயங்காலம் நாலுமுக்குல கொட்டுமேளம், சரவெடி, ரெண்டு தெருவும் வெள்ளைச் சட்டையில. தாசில்தாரம்மா வந்திருந்தாங்க. சின்ன நிலா டேங்குக்கு மேல வந்து சரியா நின்னதும், சிங்கத்துரை மாலை போட்ட கழுத்தோட திரைத்துணிய இழுத்தாரு.

பேனர்ல இப்படி இருந்துச்சு: 'வருடம் 38,000. தளபதி ஊழிக்கனியின் பதினாறாம் நாள். அன்று அவர் படையினர் சின்ன நிலாவைச் சுற்றவிட்டனர். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் அன்றோடு ஒழிந்தன. நீங்கள் எந்தத் தெரு என்று கேட்பவர்கள் நிற்பதற்கு அங்கே இடமில்லை. ஏனென்றால் அங்கே எதுவும் நிற்பதில்லை.'

மேளம் பாதியில நின்னுச்சு. எல்லாரும் மேல பாத்தாங்க.

நிலா ஒரு குலுக்குக் குலுங்கி, துருப்பிடிச்ச கதவு மாதிரி மெதுவா, ரொம்ப மெதுவாத் திரும்ப ஆரம்பிச்சுச்சு. மேலத்தெருவோட மேல்பாதி பக்கவாட்டுல நகந்துச்சு, வடக்குத்தெருவோட கீழ்பாதி பின்னாலயே போச்சு, பெரிய பள்ளம் விளிம்புல ஏறி மறைஞ்சுச்சு, அப்புறம் அது வரைக்கும் யாரும் பாக்காத பின்பக்கம் இந்தப் பக்கம் வந்துச்சு. அங்க கருகலே இல்ல. சண்டை அங்க வரைக்கும் எட்டவே இல்லபோல. கழுவிக் கவுத்துன வெங்கலப் பானை மாதிரி அப்படி ஒரு மினுமினுப்பு, அது விழுந்த எடத்துல காலனி, மேலத்தெரு, சாக்கடை, சவுக்குக் கம்பு எல்லாமே பளிச்சுன்னு ஒரே மாதிரித் தெரிஞ்சுச்சு.

"அது எங்களுக்கு!" அப்டின்னு சிங்கத்துரை வெரல நீட்டுனாரு. நீட்டுன வெரலுக்கு நேரா அது நகந்து போயிருச்சு. அவரு வெரல நகத்துனாரு, அது இன்னும் நகந்துச்சு. வடக்குத்தெருக்காரங்களும் வெரல நீட்டுனாங்க. கொஞ்ச நேரத்துல நாலுமுக்கு பூரா, ஈ ஓட்டுற மாதிரி எல்லாரும் கைய வச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்தாங்க. சர்வேயரு கட்டை வெரல நீட்டிப் பாத்துட்டு, தலை சுத்துதுன்னு ஒக்காந்துட்டாரு.

கூட்டத்துக்கு வெளிய, ஓடைப் பாலத்துல பேச்சியம்மா நின்னுக்கிட்டு இருந்தா. சந்தனமாரி போய்ப் பக்கத்துல நின்னா.

"கைக்கு வந்ததக் கெடுத்துட்ட," அப்டின்னா அம்மா. கொஞ்ச நேரம் நிலா சுத்துறதப் பாத்தா. "சரி. என் மூஞ்சிக்குக் கீழ எவன் பேரும் வரல. அது போதும்."

சிங்கத்துரை மால பிஞ்சு தொங்க, மூச்சிரைக்க வந்து நின்னாரு. "ஏ பிள்ள, நிப்பாட்டு அத! இப்பமே வேற அடி! நிப்பாட்டுங்கேன்!"

சந்தனமாரி மொதல் தடவையா அவர ஐயான்னு சொல்லாம, கடைக்காரரக் கூப்புடுற மாதிரி அண்ணாச்சின்னு கூப்புட்டுப் பேசுனா. "அடிச்சது அடிச்சதுதான் அண்ணாச்சி. கிழிச்சுக் கூரையாப் போட்டாலும் அது சுத்தும்."

"ஒன்ன இந்த ஊர்ல இருக்க விடமாட்டேன்ளா!"

"இந்த ஊர்லயா?" அப்டின்னு கேட்டுட்டு, அவ பாலத்த விட்டு எறங்கி, கூட்டத்துக்கு நடுவுல வகுந்துக்கிட்டுக் கடைக்குள்ள போனா. சிங்கத்துரை பின்னாலயே வந்தாரு, ரெண்டு தெருவும் அவரு பின்னால. அவ ஒக்காந்து, புதுசா ஒரு பேனர் தொறந்து, எல்லாரும் பாக்கப் பாக்க வருசம்கிற எடத்துல இந்த வருசத்தப் போட்டா. எடம்கிற எடத்துல நெடுங்கரைன்னு அடிச்சா.

"நிலாவுல ஒரு சண்ட முடிஞ்சுச்சு," அப்டின்னா, திரும்பிப் பாக்காமலே. "அடுத்த ஆட்டம் இங்க. யாருக்கு எந்தத் தெரு வேணும்னு இப்பமே சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

அவ தெருன்னு சொன்ன மாத்திரத்துல, முன்னால நின்னவங்க ஒரு அடி பின்னால போனாங்க, அவங்களுக்குப் பின்னால நின்னவங்க ரெண்டடி போனாங்க, சிங்கத்துரை தன் கால் நிக்கிற தரைய ஒரு தடவ குனிஞ்சு பாத்துக்கிட்டாரு. இம்தியாஸ் எதுத்த கடையிலருந்து பகடைய எடுத்துக்கிட்டு வந்தான். அண்ணாச்சி மிஷினுக்குப் புது ஃப்ளெக்ஸ் உருளைய மாட்டுனாரு, சந்தனமாரி அடிச்சு அனுப்புனா.

மறுநாள் காலைல, வழக்கம்போல மேலத்தெருவுக்குன்னு கெளம்பிப் போன பால்காரரு காலனிக்குள்ள நின்னு மணி அடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு போன வழியில ஒரு தப்பும் இல்ல, தெருதான் நிலா மாதிரிச் சுத்திப் போயிருந்துச்சு. அடுத்த நாள் அதே வழியில போனா பஜார் வந்துச்சு, அதுக்கு அடுத்த நாள் வடக்குத்தெரு. நெடுங்கரையில இப்ப யாரும் யாருகிட்டயும் எந்தத் தெருன்னு கேக்குறதில்ல. கேட்டாலும், காலைல எதுவா இருந்துச்சோ அது சாயங்காலம் இருக்கும்னு யாரு கண்டா?

அது கிடக்கட்டும், ஒங்க ஊர்ல எப்படி? இன்னைக்கி கதவத் தொறந்தப்போ, ஒங்க தெரு நேத்து விட்ட எடத்துலதான் இருந்துச்சா?